எண்ணெய்ச் சட்டியும் தண்ணீர்க் காரும்

2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை ஒரே இரவில் லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. அன்றைய காலை நிகழ்ச்சியில், "எப்படிச் சமாளிக்கப் போகிறீர்கள்?" என்று நேயர்களைக் கேட்டோம். அழைத்தவர்களில் பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர் விஞ்ஞானிகள்! ஒருவர் பொரித்த எண்ணெயை வடிகட்டி டிராக்டருக்கு ஊற்றுகிறாராம். இன்னொருவர் டீசல் குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டியிருக்கிறார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தண்ணியிலயே வண்டி ஓடும்மா. எண்ணெய் கம்பெனிக்காரனுங்க விடமாட்டேங்கிறானுங்க" என்றார்.

அதன் பிறகு என் வாட்ஸ்அப்புக்கு இந்த மாதிரி வீடியோக்கள் வராத வாரமில்லை. உங்களுக்கும் வந்திருக்கும். ஒரு பழைய மின்விசிறி, நான்கு காந்தம், ஒரு பல்பு. விசிறி சுற்றினால் பல்பு எரியும், பல்பு எரிந்துகொண்டே விசிறியும் சுற்றும். பின்னணியில் ஒரு பயங்கர இசை. மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கேமரா கடைசி வரை காட்டாது.

சிரித்துவிட்டு அழித்துவிடலாம்தான். ஆனால் இப்படி வீட்டில் உட்கார்ந்து எதையாவது குடைந்துகொண்டே இருப்பவர்களை எனக்குப் பிடிக்கும். ஒவ்வொரு தாமானிலும் அப்படி ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அது என் மாமா. பந்திங்கில் இருக்கிறார். சொந்தமாக ஒரு பழைய மூன்று டன் லோரி, அதில் கிள்ளானுக்கு இளநீர் ஏற்றிப் போவார். வீட்டுக் கார் போர்ச்சில் கார் நின்று பத்து வருடமாகிறது. அங்கே வாஷிங் மெஷின் மோட்டார், ஆல்டர்னேட்டர், செத்த பேட்டரி, பிவிசி குழாய் எல்லாம் குடியிருக்கின்றன. "இந்த வீட்டுல எனக்குத்தான் இடமில்ல" என்பார் அத்தை.

விலை ஏறிய பிறகு மாமாவைத் தேடி ஒரு விற்பனையாளர் வந்தார். தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் வாயுவாக்கி எஞ்சினுக்குள் அனுப்பும் பெட்டி. டீசலில் கால் பங்கு மிச்சமாம். ஒரு பெட்டி 1,800 ரிங்கிட். "15,000 கட்டினால் பந்திங் வட்டாரத்துக்கே நீங்கள்தான் ஏஜெண்ட்." மாமா ஒரு பெட்டியை வாங்கி மாட்டிவிட்டு, 15,000க்குச் சேமநிதிப் பணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டு சேர அவருடைய லோரி நண்பர்கள் நான்கு பேரும் தயார். இது தெரிந்துதான் அத்தை எனக்குப் போன் செய்தார். ரேடியோவில் வேலை செய்தால் எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை!

எனக்குத் தெரிந்த ரசாயனம் ஐந்தாம் படிவத்தோடு சரி. ஆனால் இந்த விஷயத்துக்கு அது போதும். ஹைட்ரஜன் எரிந்தால் கிடைப்பது தண்ணீர். அதாவது தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன், அதன் சாம்பல். சாணத்தை எரித்து விபூதி எடுக்கிறோம். அந்த விபூதியைத் திரும்ப அடுப்பில் போட்டுச் சோறாக்க முடியுமா? தண்ணீரை மறுபடி ஹைட்ரஜனாக்க முடியும், ஆனால் எரிந்தபோது வெளியே போன சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தது 4.4 யூனிட் சக்தி தேவை. வரும் வாயுவை எரித்தால் கிடைப்பதும் அதே 4.4 யூனிட்தான், அதற்கு மேல் ஒரு துளி இல்லை. நடைமுறையில் பிரிக்கும்போதும் இழப்பு, எஞ்சினில் எரிக்கும்போது அதைவிடப் பெரிய இழப்பு.

"மின்சாரம் ஆல்டர்னேட்டரிலிருந்து சும்மாதானே வருது?" என்றார் மாமா. விற்பனையாளர் சொன்னதும் அதுதான். நான் பழைய சைக்கிளை நினைவுபடுத்தினேன். பின்சக்கரத்தில் டைனமோவைத் தட்டிவிட்டால் விளக்கு எரியும், மிதிப்பது கனக்கும். ஆல்டர்னேட்டரும் அப்படித்தான், அது தரும் ஒவ்வொரு வாட்டுக்கும் எஞ்சின் டீசல் குடிக்கிறது.

பிறகு இருவரும் காகிதத்தில் கணக்குப் போட்டோம். அந்தப் பெட்டி இழுப்பது 24 வோல்ட்டில் 8 ஆம்பியர், சுமார் 190 வாட். நெடுஞ்சாலையில் மணிக்கு 10 லிட்டர் டீசல் குடிக்கும் எஞ்சினுக்குள் போகும் சக்தி ஏறத்தாழ ஒரு லட்சம் வாட், ஏனென்றால் ஒரு லிட்டர் டீசலில் சுமார் 10 யூனிட் இருக்கிறது. பெட்டிக்குள் போகும் மின்சாரம் சிந்தாமல் சிதறாமல் அப்படியே வாயுவானாலும், எஞ்சினின் பசியில் ஐந்நூறில் ஒரு பங்குதான். அது எப்படிக் கால் பங்கை மிச்சப்படுத்தும்?

மாமா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "காகிதம் காகிதம்தான். பெட்டி மாட்டினதுக்கப்புறம் வண்டி நல்லா இழுக்குது, எனக்குத் தெரியுது" என்றார். அதுவும் நியாயம்தான், கணக்கை விட வண்டி பேசட்டும். ஆனால் 1,800 ரிங்கிட் போட்டவருக்கு வண்டி நன்றாக இழுப்பது போலத்தான் தெரியும். காலும் தானாக ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கும். அதனால் அத்தையை நடுவராக்கினோம். பெட்டியின் சுவிட்ச் அத்தை கையில். இருக்கைக்குப் பின்னால் மறைவாக ஒரு சுவிட்ச், சிறு விளக்கின் மேல் கறுப்பு டேப். காலையில் அத்தை ஒருமுறை ஆன் செய்வார், ஒருமுறை செய்ய மாட்டார், மாமாவுக்குத் தெரியாது. அதே வழி, அதே சுமை, அதே நிலையத்தில் டாங்க் நிரம்ப டீசல். அத்தை ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார்.

ஆறு வாரம். ஆன் செய்த நாளுக்கும் செய்யாத நாளுக்கும் வித்தியாசமில்லை. வித்தியாசம் இருந்ததெல்லாம் மழை நாளுக்கும் மற்ற நாளுக்கும், வெள்ளிக்கிழமை நெரிசலுக்கும் மற்ற கிழமைக்கும்தான். 15,000 சேமநிதியிலேயே இருக்கிறது. நண்பர்களின் பணமும் தப்பியது.

இந்தக் கதை புதிதே அல்ல. அமெரிக்காவின் ஒஹாயோவில் ஸ்டான்லி மேயர் என்பவர் தண்ணீரில் ஓடும் பகி வண்டி என்று காட்டி முதலீடு திரட்டினார். 1996இல் நீதிமன்றம் அதை அப்பட்டமான மோசடி என்று தீர்ப்பளித்து, இரண்டு முதலீட்டாளர்களின் 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. 1998இல் அவர் இறந்தார்; பிரேதப் பரிசோதனை மூளை இரத்தநாளக் கோளாறு என்றது, ஆதரவாளர்களோ இன்று வரை கொலை என்கிறார்கள். அதே 1996இல் தமிழகத்தில் ராஜபாளையம் பக்கத்து ராமர் பிள்ளையின் மூலிகைப் பெட்ரோல் பற்றியே எங்கும் பேச்சு. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். 2000இல் மத்தியப் புலனாய்வுத் துறை அவரைக் கைது செய்தது. மூலிகை எரிபொருள் என்று விற்றது பெட்ரோலியப் பொருள்களின் கலவை என்பது குற்றச்சாட்டு. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. அதை விடுங்கள், ஒரே ஒரு கேள்வி. பெட்ரோலில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும். தண்ணீரில் கார்பன் கிடையாது. ஒரு கைப்பிடி இலையில் இருக்கும் கார்பன் எத்தனை லிட்டர் பெட்ரோலுக்குப் போதும்?

பிரெஞ்சு அறிவியல் கழகம் 1775இலேயே, தானே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் என்று எதைக் கொண்டுவந்தாலும் இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. அவர்களுக்கு அப்போதே அலுத்துவிட்டது போலும்.

இப்போது டிராக்டருக்குப் பொரித்த எண்ணெய் ஊற்றிய அந்த நேயருக்கு வருவோம். அவர் தண்ணீர்க்காரர் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்ல. எண்ணெயில் உண்மையாகவே சக்தி இருக்கிறது. செம்பனை வெயிலில் நின்று சேர்த்து வைத்தது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். நம் நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து வாகன டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலக்கிறார்கள். பி10 என்பது அதுதான்.

ஆனால் சட்டியிலிருந்து நேராக டாங்க்கில் ஊற்றக்கூடாது. சமையல் எண்ணெய் டீசலை விடப் பத்து மடங்கு அளவுக்குக் கெட்டியானது. புதிய வகை எஞ்சின்களின் இன்ஜெக்டரில் சரியாகத் தூவாது, கரி பிடிக்கும். பழைய டிராக்டர் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதனால்தான் மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்துச் சூடாக்கி, கிளிசரினை அடியில் தங்கவிட்டு, மேலே மிதப்பதைப் பயோடீசலாக எடுக்கிறார்கள். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? மாமா கண்களும் இதைக் கேட்டதும் மின்னின. இங்கேதான் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசினேன். மெத்தனால் 65 பாகையிலேயே கொதிக்கும். அதன் ஆவி தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்கே தெரியாது. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும், கண்பார்வையைப் பறிக்கும். 2018இல் சிலாங்கூரில் கலப்பட மது குடித்துப் பலர் இறந்தார்களே, அதில் இருந்த நஞ்சு இதுதான். பேரப்பிள்ளைகள் ஓடியாடும் கார் போர்ச்சில் இதற்கு இடமில்லை.

இலாபமும் பெரிதில்லை. ஒரு வீட்டில் மாதம் இரண்டு லிட்டர் எண்ணெய் மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். பத்து வீட்டுக்கு இருபது லிட்டர். மாமாவின் லோரி அதை ஒரே நாளில் குடித்துவிடும். அதற்குப் பதில் வடிகட்டிப் புட்டியில் சேர்த்து, பழைய எண்ணெய் எடுப்பவரிடம் விற்றுவிடலாம். சிங்கப்பூர் துவாஸில் நெஸ்தே நிறுவனத்தின் ஆலை, 2023இல் விரிவாக்கம் முடிந்தபின், கழிவு எண்ணெய், கொழுப்பு போன்றவற்றிலிருந்து ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை விமான எரிபொருள் எடுக்கும் திறன் பெற்றிருக்கிறது. நம் வடைச் சட்டி எண்ணெய் விமானத்தில் பறக்கிற காலம் இது. குழாயில் மட்டும் ஊற்றாதீர்கள், சாக்கடை அடைத்துக்கொள்ளும்.

அப்படியானால் குடைகிறவர் கை சும்மா இருப்பதா? இருக்காது, எனக்குத் தெரியும். மாமா இப்போது 100 வாட் சூரியப் பலகை ஒன்றைக் கூரையில் வைத்திருக்கிறார். நம் ஊர் வெயிலுக்கு அது ஒரு நாளில் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத் தரும். மீன் தொட்டிப் பம்பும் போர்ச் விளக்கும் அதில் ஓடுகின்றன. லோரியை விடுங்கள், அரிசிக் குக்கருக்கே அது காணாது. ஆனால் அந்த அரை யூனிட் எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தால் தெரிகிறது.

இந்த வட்டாரத்தில் வேறு யாராவது கார் போர்ச்சில் குடைந்துகொண்டிருந்தால், முதலில் வாங்க வேண்டியது பிளக்கில் செருகி வாட் பார்க்கும் சின்ன மீட்டர். ஆன்லைன் கடைகளில் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. எந்த இலவச மின்சார வீடியோவையும் அதன் முன்னால் நிறுத்திப் பார்க்கலாம். மாமா வாங்கிய மீட்டர் இப்போது அத்தையிடம்தான் இருக்கிறது. அந்தப் பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வீட்டில் ஒவ்வொரு பிளக்காகப் போய் அளந்திருக்கிறார். குளிரூட்டிக்கு அடுத்தபடி அதிக மின்சாரம் இழுப்பது மாமாவின் பட்டறையாம். எண்ணை அடிக்கோடிட்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.