செம்பனை ஆலைக்குப் பக்கத்தில் ஒரு நொதிகலன்

1877-இல் கோலா கங்சாரில் நடப்பட்ட ஒன்பது ரப்பர் கன்றுகளில் எஞ்சியது என்று சொல்லப்படும் மரம் இன்னும் ஊருக்குள் நிற்கிறது. அதன் பிறகு மலேசியாவின் பேராக் மாநிலம் முழுதும் பரவிய தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பால்மரம் வெட்டினார்கள். ரப்பர் கப்பலேறியது, டயர் செய்து பொருளீட்டிய ஆலைகள் கடலுக்கு அப்பால் இருந்தன. இன்று அந்த மேடுகளில் பெரும்பாலும் செம்பனை. எண்ணெயைச் சுத்திகரிக்கிறோம், சவர்க்காரத்துக்கான பொருள்களும் செய்கிறோம். அடுத்த படியை எடுத்து வைக்க ஏன் தயங்குகிறோம் என்பதே என் கேள்வி.

எண்ணெயிலிருந்து நெகிழி செய்வதே அந்தப் படி. அதைப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் பேராசிரியர் கே. சுதேஷ் குமார் பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார். குப்ரியாவிடஸ் நெகேட்டர் என்ற மண் பாக்டீரியாவுக்குக் கார்பன் மிகுந்து நைட்ரஜன் குறைந்தால், அது பெருகுவதை விட்டுவிட்டு, மிஞ்சியதைப் பி.எச்.ஏ. என்னும் நெகிழி மணிகளாக உடலுக்குள் சேர்த்துவைக்கும். பஞ்சத்துக்கு நெல் சேர்த்த குதிர் போல. உலர் எடையில் 80 விழுக்காடு வரைகூட நெகிழியாகிவிடும். ஒரு கிலோ சர்க்கரையைக் கொடுத்தால் 300 முதல் 400 கிராம் கிடைக்கும். ஒரு கிலோ செம்பனை எண்ணெயைக் கொடுத்தால் 600 முதல் 800 கிராம். வேறெந்த நாட்டையும்விட நமக்கும் இந்தோனேசியாவுக்கும் இது சாதகமான கணக்கு.

பாக்டீரியாவின் உடலிலிருந்து நெகிழியைப் பிரிக்க நச்சுக் கரைப்பான்கள் தேவைப்பட்டன. சுதேஷ் குழு உலர்ந்த பாக்டீரியாவை ஆய்வக எலிகளுக்கும் பிறகு மாவுப்புழுக்களுக்கும் தீனியாகப் போட்டது. அவை புரதத்தைச் செரித்துக்கொண்டு, செரிக்க முடியாத நெகிழியை எச்சத்தில் வெண்மணிகளாக வெளியேற்றின. ஆய்வகத்தைத் தாண்டி யோசிக்கும் இத்தகைய துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மக்கும் பைகள்தான் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்கலாம். "மக்கும்" என்று அச்சிட்ட பைகளெல்லாம் மக்குவதில்லை. சோளத்திலிருந்து வரும் பி.எல்.ஏ. என்னும் நெகிழிக்கு 60 பாகை அளவு வெப்பமுள்ள உரக்கூடம் வேண்டும்; வாய்க்காலில் கிடந்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். பி.எச்.ஏ. நுண்ணுயிர் சேர்த்த உணவு என்பதால் மண்ணிலும் கடலிலும் வேறு நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடும்.

எண்ணெய் மனிதர் உண்ணும் பொருள், அதை எப்படி நெகிழியாக்குவது என்று கேட்பது நியாயமே. அதனால் கழிவிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு டன் எண்ணெய் பிழிந்தால் ஏறக்குறைய இரண்டரை டன் கழிவுநீர் குளங்களில் தேங்கி, மீத்தேனை விடுகிறது. அதில் மிதக்கும் கசட்டு எண்ணெயும், கடைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயும் பாக்டீரியாவுக்குப் போதும். நெகிழிக்கு அப்பாலும் நொதித்தலுக்கு உதவும் இன்னொரு கழிவாக, 25 ஆண்டுகளில் வெட்டிச் சாய்க்கும் செம்பனைத் தண்டும் இருக்கிறது. அதைச் சில வாரம் கிடத்தினால் சாற்றில் சர்க்கரை கூடுகிறது என்றும், ஈஸ்ட் அதை எரிசாராயமாக மாற்றுகிறது என்றும் ஜப்பானிய, மலேசிய ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினார்கள். தென்னங்கள்ளையும் திராட்சை மதுவையும் புளிக்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். தோட்டத்தில் கள்ளுக்கடை எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பதை அறிந்தவன் நான். அதே நொதித்தல் கலை நம் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்ப வேலையாகத் திரும்பி வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தடை விலைதான். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் செய்த பயோபால் என்ற பி.எச்.ஏ.வில் 1990-இல் ஷாம்பு போத்தல்கள் வந்தன. பெட்ரோலிய நெகிழியின் மலிவுக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1996-இல் மான்சாண்டோ அதை வாங்கியது. சில ஆண்டுகளில் அதுவும் கைவிட்டது. சந்தை தானாக இதை வளர்க்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மலேசியா 2018-இல் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழியை 2030-க்குள் ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. தடை மட்டும் போட்டால் வெளிநாட்டு "மக்கும்" பைகள்தான் வந்து குவியும். உள்ளூர்ப் பொருளை வாங்கும் கட்டாயமும் சேர்ந்து வர வேண்டும்.

கடைப் பையில் தொடங்க வேண்டியதில்லை. செம்பனை நாற்றங்காலில் ஒவ்வொரு கன்றும் ஓராண்டளவு கறுப்பு பாலித்தீன் பையில் வளர்கிறது. நடும்போது அதைக் கிழித்து எறிகிறார்கள். தடிமனைச் சரியாகக் கணித்துப் பி.எச்.ஏ. பை செய்தால் கன்றோடு சேர்த்தே மண்ணில் வைத்துவிடலாம். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் கழிவுநீர்க் குளமும் நாற்றங்காலும் ஒரே முதலாளியின் கையில் இருக்கின்றன. பேராக் மாநில அரசு அப்படிப்பட்ட ஓர் ஆலையைத் தேர்ந்து, பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அதன் பக்கத்தில் பி.எச்.ஏ. செய்யும் நொதிகலனை அமைத்து, முதல் ஐந்தாண்டு விலை வேறுபாட்டைத் தானே ஏற்கட்டும்.