பிளந்த பம்பரைப் பசை பிடிக்குமா?



சென்ற மழைக்காலத்தில், எங்கள் குடியிருப்பின் வாகன நிறுத்துமிடத்தில் எவரோ பின்னோக்கி எடுத்த வண்டி, எங்கள் பழைய காரின் முன்பம்பரில் ஒரு சாண் நீளத்திற்கு விரிசலை உண்டாக்கிவிட்டுப் போயிற்று. சிறு குழாயில் விற்கும் உடனடிப் பசையை வாங்கி ஒட்டினேன். மூன்றாம் நாள் வேகத்தடையில் ஏறி இறங்கியபோதே விரிசல் முன்னிலும் பெரிதாய்த் திறந்துகொண்டது. குற்றம் பசையினுடையதல்ல, எதன்மேல் ஒட்டுகிறோம் என்பதை நான் பாராமற்போனதே.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் பம்பர், பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கில் ரப்பர் கலந்து செய்யப்படுகிறது. நம் சமையலறையில் உள்ள அநேக சாப்பாட்டு டப்பாக்களும் இதே பாலிபுரோப்பிலீன்தான். அவற்றின்மேல் நீர்த்துளி விழுந்தால் பரவாமல் முத்தாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். நீரே பற்றாத இடத்தில் சாதாரணப் பசையும் பற்றாது. ஆனால் இந்தப் பிளாஸ்டிக் சுமார் 160 பாகை செல்சியஸில் உருகும். ஆகையால் ஒட்டுவதைவிட, உருக்கி இணைப்பதே இதற்கு ஏற்ற வழி. பம்பரின் உட்புறத்தில் பி.பி., இ.பி.டி.எம். என்னும் ஆங்கில எழுத்துகள் வார்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பி.யு.ஆர். என்றிருந்தால் அது பாலியூரித்தேன். கீழே சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது.

வேலையைத் தொடங்குமுன் பம்பரைக் கழற்றிப் பின்புறத்தைப் பார்ப்பது மிகவும் அவசியம். நாம் பம்பர் என்று கண்ணால் காண்பது உறை மாத்திரமே. மோதலின் பலத்தைத் தாங்குவது அதற்குப் பின்னாலுள்ள குறுக்குச் சட்டம். பல கார்களில் நடுவே நுரைத் தடுப்பும் உண்டு. சட்டம் வளைந்திருந்தாலோ, ரேடியேட்டர் இடம் மாறியிருந்தாலோ, இது வீட்டு வேலையல்ல, பணிமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வெளியே அழகாய்ப் பூசிவிட்டு, உள்ளே வளைந்த சட்டத்தோடு பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும் தவறு. அதை மறைத்து இன்னொருவருக்கு விற்பதும் தவறு. பம்பருக்குப் பின்னால் ரேடார் கருவி பொருத்தப்பட்ட புதிய கார்களில், அது இருக்கும் பகுதியில் பட்டியோ கூடுதல் வண்ணமோ பூசவும் கூடாது. கருவியின் பார்வை கெடும்.

“காப்பீடு இருக்கிறதே” என்பீர்கள். தேய்மானக் கழிவற்ற கூடுதல் பாதுகாப்பு எடுக்காதவர்களுக்கு, பிளாஸ்டிக் பாகங்களின் விலையில் 50 சதவீதம் கழிக்கப்படும். ஐந்து ஆண்டுகள் கோரிக்கையே இல்லாமல் இருந்து பெற்ற 50 சதவீதச் சலுகையும், இந்தச் சிறு விரிசலுக்காகக் கோரினால் அடுத்த புதுப்பித்தலில் போய்விடும். கணக்குப் பார்த்த பின்பு விண்ணப்பியுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். சோப்பு நீரால் இருபுறமும் நன்றாகக் கழுவி உலர்த்துங்கள். விரிசல் முடியும் முனையில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இடுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். துளை இல்லாவிட்டால் விரிசல் நாளடைவில் மேலும் ஓடும். முன்புறம் இரு விளிம்புகளையும் சமமாகச் சேர்த்து நாடா ஒட்டி, பின்புறமிருந்து சால்டரிங் அயர்னால் விரிசலின் வழியே ‘வி’ வடிவப் பள்ளம் எடுங்கள். உறையின் தடிமனில் பாதிக்குமேல் இறங்க வேண்டாம். பிறகு எவர்சில்வர் வலைத் துண்டை வைத்து, அயர்னால் அழுத்தி உள்ளே புதைக்க வேண்டும். பழைய டீ வடிகட்டியின் வலை எனக்குப் போதுமானதாயிருந்தது; வீட்டில் அனுமதி பெற்று எடுங்கள்! அதன்மேல் அதே வகைப் பிளாஸ்டிக் கீற்றை உருக்கி நிரப்புங்கள். மும்பையின் குர்லா, டெல்லியின் மாயாபுரி போன்ற இடங்களிலுள்ள பழைய உதிரிபாகக் கடைகளில் உடைந்த பம்பர் துண்டு கேட்டுப் பாருங்கள். அதிலும் அதே எழுத்துகள் இருக்க வேண்டும்.

அயர்னின் முனை, பிளாஸ்டிக் உருகத் தேவையானதைவிட மிகுந்த சூடுடையது. ஒரே இடத்தில் நிறுத்தினால் பிளாஸ்டிக் கருகிப் புகையும். கருகிய இணைப்புக்குப் பலமில்லை. புகையைச் சுவாசிக்காதபடி திறந்தவெளியில், பிள்ளைகளை விலக்கி வைத்துச் செய்யுங்கள். நீர் ஊற்றிக் குளிரவைக்காமல், தானாக ஆறவிடுங்கள். ஆறியபின் நாடாவை நீக்கி, முன்புறத்திலும் ஆழமில்லாத பள்ளம் எடுத்து நிரப்புங்கள்.

பிறகு 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 320 வரை தேய்த்துச் சமப்படுத்தலாம். தகரத்திற்கு இடும் பட்டி வேண்டாம். பம்பர் வளையும்போது அது வெடித்துவிடும். பிளாஸ்டிக்கிற்கென்று விற்கும் நெகிழ்வான பட்டியும், அதற்கான பிரைமரும் வாங்குங்கள். வண்ணத்தைக் காரிலுள்ள குறியீட்டைக் காட்டியே கேளுங்கள். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் கிளியர் கோட்டை மட்டும் உரிய முகக்கவசமுள்ள பெயின்டரிடம் விட்டுவிடுங்கள். அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது.

வெயிலில் உற்றுப் பார்ப்பவர்களுக்கு எங்கள் காரில் அந்தக் கோடு இன்னும் தெரிகிறது. வேகத்தடைகளில் மட்டும் இதுவரை திறக்கவில்லை.