லேப்டாப் திடீர்னு 48 இலக்க எண் கேட்கிறதா? என்ன காரணம்?

மதுராந்தகத்தில் ஒரு கடையில் மதர்போர்டு மாற்றிய லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீலத் திரையில் 48 இலக்க ‘ரெக்கவரி கீ’ கேட்கிறது. இது வைரஸ் இல்லை. மொத்த டிஸ்க்கையும் பூட்டி வைக்கும் ‘பிட்லாக்கர்’ வேலை.

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் செய்தால், பெரும்பாலான கணினிகளில் இந்தப் பூட்டு தானாகவே விழுந்துவிடும். ஹோம் எடிஷனும் விதிவிலக்கல்ல.

லேப்டாப் திருடுபோனால் இது நல்லதுதான். ரிப்பேர் ஆனால்தான் சிக்கல். முன்பெல்லாம் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, கல்யாண போட்டோக்களையாவது எடுத்துவிடலாம். இப்போது கீ இல்லாமல் அது நடக்காது. ரிப்பேரே தேவையில்லை: 2024 ஜூலையில் ஒரு விண்டோஸ் அப்டேட் போட்டதுமே பல கணினிகள் இந்தத் திரையில் நின்றன. அடுத்த மாதம்தான் தீர்வு வந்தது.

கீ எங்கே இருக்கும்? முதலில் லாகின் செய்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில். அது கடைக்காரர் அவசரத்தில் உருவாக்கிய மெயில் ஐடி என்றால்? கஷ்டம்தான். தொலைந்த கீயை மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டாலும் தர முடியாது.

செட்டிங்ஸில் ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ ஆனில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால், கீயை ஒரு தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். லேப்டாப் பைக்குள் வேண்டாம்!