உப்பு ஏரியும் குட்டி இறாலும்

எதையும் தாங்கும் இதயம் என்பார்களே... அது உண்மையில் பொருந்துவது ஆர்டீமியாவுக்குத்தான். உப்பு நீரில் வாழும், ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள இறால் வகை.

கடல் நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். அதைப்போல மூன்று, நான்கு மடங்கு உப்பிலும் ஆர்டீமியா ஜாலியாக நீந்தும்! உடம்பில் சேரும் உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சூழல் நன்றாக இருந்தால் தாய் நேரடியாகக் குஞ்சுகளை ஈனும். மோசமானால் தடித்த ஓடுள்ள முட்டைகளை விடும். உள்ளே கரு தூங்கிவிடும். ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை, காய்ந்த செல்கள் சிதையாமல் காக்கும். பல வருடம் கழித்து உப்பு நீரில் போட்டாலும் ஓரிரு நாளில் குஞ்சு வரும்.

அப்புறம் என்ன, இயற்கை எதையும் சமாளிக்கும் என்கிறீர்களா? அங்கேதான் தப்பு.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிரேட் சால்ட் லேக் இருக்கிறது. ஆறுகள் வந்து சேரும், வெளியேற வழி கிடையாது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கும். ஆற்று நீரை விவசாயத்துக்கும் நகரங்களுக்கும் திருப்பினார்கள். வறட்சியும் சேர்ந்தது. 2022 நவம்பரில் ஏரி வரலாறு காணாத அளவு வற்றி, தென்பகுதியில் உப்பு சுமார் 19 சதவீதமானது. சக்தியெல்லாம் உப்பை வெளியேற்றவே போனால், வளரவும் இனம் பெருக்கவும் என்ன மிஞ்சும்? சம்பளம் முழுக்க வட்டிக்கே போகும் குடும்பத்தின் கதைதான். அதற்கு உணவான பாசியும் அந்த உப்பில் குறையும்.

எல்லை தாண்டினால் என்னாகும்? அதே ஏரியின் வடபகுதியைப் பாருங்கள். 1959-இல் ரயில் பாதைக்காகப் போட்ட கரை ஏரியை இரண்டாக்கியது. ஆறுகள் தெற்கே சேர்வதால் வடக்கில் உப்பு மிக அதிகம். அங்கே ஆர்டீமியா செழிப்பதில்லை.

2023-இல் கரையின் திறப்பில் தடுப்பை உயர்த்தி, வடக்கின் உப்பு நீர் தெற்கே வருவதைக் குறைத்தார்கள். அந்தக் குளிர்காலத்துப் பனியும் உருகி வந்து ஏரியை உயர்த்தியது. தெற்கு பிழைத்தது.

இது யாரோ ஒருவர் ஊர்ப் பிரச்சினை அல்ல. லட்சக்கணக்கான முக்குளிப்பான் பறவைகள் இந்த இறாலை நம்பி அங்கே வருகின்றன. உலகச் சந்தையில் விற்கும் ஆர்டீமியா முட்டைகளில் பெரும் பங்கு இந்த ஏரியுடையது. நம் கடற்கரை இறால் பொரிப்பகங்களிலும் குஞ்சுகளுக்கு ஆர்டீமியாதான் தீனி.

முட்டை காத்திருக்கும், சரி. ஆனால் காத்திருப்பது தண்ணீருக்காக. அதை ஏரிக்கு விடுவது மனிதன் கையில்தான் இருக்கிறது. யோசியுங்கள் நண்பர்களே!