மதிப்பெண்ணுக்காகவா மொழி?



உயர்நிலைப் பள்ளிகளில் அயல்மொழி ஒன்றைக் கட்டாயப் பாடமாக்க வேண்டுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், "பிள்ளைகளுக்கு இருக்கும் சுமை போதாதா?" என்று நம்மில் பலர் மறுத்துவிடுகின்றனர். கட்டாயமாக்கத்தான் வேண்டும் என்பதே நமது நிலைப்பாடு. ஆனால், இன்று நடைபெறும் விதத்தில் அன்று.

இன்று நடைபெறுவது என்ன? தமிழகத்தில் மேல்நிலை வகுப்புகளில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சையோ அரபியையோ மொழிப்பாடமாக எடுக்க இயலும். எடுப்போரில் பலரை ஈர்ப்பது மொழியன்று. எளிதில் கிடைக்கும் மதிப்பெண். தேர்வு முடிந்ததும் அயல்மொழி மறந்துபோகிறது, தமிழும் தேய்ந்துபோகிறது. அரபியின் பெயரால் நம் பிள்ளைகள் இதைச் செய்யும்போது, "மார்க்க மொழி படிக்கிறான்" என்று பெருமை கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

நபி (ஸல்) அவர்கள், கடிதங்களை எழுதவும் படிக்கவும் வேண்டி, யூதர்களின் மொழியைக் கற்குமாறு இளைஞரான ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்ததைத் திர்மிதீயில் காண்கிறோம். அது பயன் கருதிய கல்வி. கற்றவர் அம்மொழியில் எழுதினார், படித்தார். மொழிகள் வேறுபட்டிருப்பதையே இறைவனின் அத்தாட்சியாகக் குர்ஆன் (30:22) கூறுகிறது. அரபு எழுத்தில் தமிழை எழுதி அரபுத் தமிழ் நூல்களைப் படைத்த நம் முன்னோர், ஒன்றுக்காக மற்றொன்றைக் கைவிடவில்லை.

நம் நிலையோ வேறு. மக்தபில் ஓதிய பிள்ளைக்கு அரபு எழுத்து தெரியும், பொருள் தெரியாது. அவனே வளர்ந்து வளைகுடா செல்கிறான். சவூதியிலும் அமீரகத்திலும் தொழில் ஒப்பந்தத்தின் அரபு வாசகமே சட்டப்படி மேலோங்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தும், தன் ஊதியமும் விடுப்பும் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என அறியாமல் கையொப்பமிடுகிறான்.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துகீசியம், ரஷ்யம் எனப் பெயர் சுட்டுகிறது. பல இலட்சம் இந்தியர் உழைக்கும் நாடுகளின் மொழியான அரபி அப்பட்டியலில் இல்லை. இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம் அல்லவா?

"இது மொழித் திணிப்புக்கு வழி திறக்காதா?" என்பர். 1968 முதல் தமிழகம் இருமொழிக் கொள்கையைப் பேணுவதன் காரணத்தை நாம் அறிவோம். எல்லோர் மீதும் ஒரே மொழியைச் சுமத்துவது திணிப்பு. விரும்பிய அயல்மொழி ஒன்றைத் தேர்ந்துகொள் என்பது அதுவன்று.

"சுமை" என்பதற்கும் விடை உண்டு. வாரத்தில் மூன்று பாடவேளை போதும். பொதுத்தேர்வு மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் நீங்கினால் குறுக்குவழியும் நீங்கும். ஆசிரியர் பற்றாக்குறை மெய்யானதே. எனினும் அரபிக்கு ஆண்டுதோறும் மதரஸாக்களிலிருந்து ஆலிம்கள் வெளிவருகின்றனர். அவர்களுக்கு மொழி கற்பிக்கும் பயிற்சி அளித்தால் போதும்.

எனவே, சமுதாயப் பள்ளிகளின் நிர்வாகிகளுக்கு நம் வேண்டுகோள் இதுதான்: அரசாணைக்குக் காத்திராதீர்கள். தமிழுக்குப் பதிலாக அன்று, தமிழோடு சேர்த்து, எட்டாம் வகுப்பிலிருந்தே ஓர் அயல்மொழியைப் பேசவும் படிக்கவும் கற்பியுங்கள். பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக!