தோல் முகமூடியும் வயிற்றுப் பசியும்

நடிப்புக் கற்க வந்த மாணாக்கனிடமிருந்து உபாத்தியாயர் முதற் காரியமாக அவனுடைய முகத்தைப் பிடுங்கிக் கொள்கிறார் என்று சொன்னால் நேயர்கள் திடுக்கிடக் கூடும். புருவத்தை நெரித்துக் கோபமும், உதட்டைப் பிதுக்கித் துக்கமும் காட்டத் தெரிந்தவனையல்லவா நாம் நடிகன் என்று கொண்டாடுகிறோம்? ஆயினும், இத்தாலி தேசத்துப் பழைய முகமூடி ஹாஸ்ய நாடகத்தைப் போதிக்கும் வகுப்புகளில் நடப்பது இதுதான். நெற்றி முதல் மேலுதடு வரையில் ஒரு தோல் முகமூடி வந்து உட்கார்ந்து கொள்ளும். வாயும் மோவாயும் மட்டும் மிச்சம்.

'கமேதியா தெல்லார்ட்டே' என்பது இந்த நாடகத்துக்குப் பிற்காலத்தில் வழங்கிய பெயர். 'ஆர்ட்டே' என்றதும் கலை என்று எண்ணிப் பரவசப்பட வேண்டியதில்லை; இங்கே அதற்குப் பொருள் தொழில். நாடகத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டவர்கள் ஆடிய ஹாஸ்யம். 1545-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், பாடுவா நகரத்தில் எட்டுப் பேர் ஒரு பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். சாமான் சுமக்கப் பொதுப் பணத்தில் ஒரு குதிரை வாங்க வேண்டியது. வருமானத்தை மூன்று சாவியுள்ள பெட்டியில் போட்டு வைக்க வேண்டியது. எவனுக்காவது நோய் வந்தால் பொதுப் பணத்திலிருந்து சிகிச்சை செய்ய வேண்டியது. இவற்றோடு இன்னொரு ஷரத்தும் உண்டு: தங்களுக்குள் சீட்டாடக் கூடாது, தின்பண்டத்தைப் பந்தயம் வைத்து ஆடினாலொழிய! இந்தக் கடைசி ஷரத்தை நேயர்கள் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டுகிறோம். இந்த நாடகத்தின் உயிர் நிலையே அதில் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

பாத்திரங்கள் எல்லா நாடகத்திலும் ஏறக்குறைய அவர்களேதான். சிவப்புக் கால்சட்டையும் கறுப்பு மேலங்கியும் அணிந்த வெனிஸ் நகரத்து லோபி பாந்தலோனே. தப்பும் தவறுமாய் லத்தீன் பொழியும் போலோனியா நகரத்துப் பண்டிதர் (நம்மைப் போன்ற வாத்தியார்கள் இவரைக் கண்டு சிரிப்பதற்கு முன் சற்று யோசிப்பது நல்லது). வாயில் மட்டும் வீரம் காட்டும் சேனாபதி. பெர்கமோவிலிருந்து பிழைக்க வந்த வேலைக்காரர்களான பிரிகெல்லாவும் ஆர்லெக்கினோவும். காதலனுக்கும் காதலிக்கும் முகமூடி கிடையாது. பெண் வேஷத்தைப் பெண்களே தரித்தார்கள். 1604-ல் லியோன் நகரத்தில் காலமான இஸபெல்லா ஆந்திரேயினியின் கீர்த்தி இத்தாலியிலும் பிரான்ஸிலும் பரவியிருந்தது.

இவர்களுக்கு எழுதிய வசனம் இல்லை. கதைச் சுருக்கம் மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் மேடையில் மனோதர்மம். 1611-ல் பிளாமினியோ ஸ்கலா என்ற நடிகர் இப்படிப்பட்ட ஐம்பது கதைச் சுருக்கங்களை அச்சிட்டார். இதைக் கேள்விப்பட்ட மாணாக்கர்கள், "அப்படியானால் நெட்டுருப் போட வேண்டாம்!" என்று குதூகலம் அடைகிறார்கள். அதுதான் பிசகு. நாமும் ஒரு தடவை பள்ளிக்கூட ஆண்டு விழாவில், "உங்கள் சொந்த வார்த்தையிலேயே பேசுங்கள்" என்று பையன்களிடம் சொல்லிவிட்டு நிம்மதியாய் உட்கார்ந்திருந்தோம். திரை தூக்கியதும் ஐந்து பையன்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற காட்சி இன்றும் கண் முன் நிற்கிறது. இத்தாலிய நடிகனோ தன் பாத்திரத்துக்குரிய காதல் மொழிகள், வசவுகள், விடைபெறும் வார்த்தைகள் எல்லாவற்றையும் குறிப்புப் புத்தகத்தில் சேர்த்து வைத்து மனப்பாடம் செய்தவன். ஈயைப் பிடித்துத் தின்பது போன்ற சேஷ்டைகளை உடம்பிலே ஊற வைத்தவன். பத்து வருஷம் சாதகம் செய்த வித்துவானுடைய ராக ஆலாபனை, அந்த நிமிஷத்தில் பிறந்தது போலத் தோன்றுவதில்லையா? அவ்வகையான மனோதர்மம் இது.

இந்த வித்தை குருவிடமிருந்து சிஷ்யனுக்கு இடைவிடாமல் வந்திருந்தால் சொல்ல வேண்டியது அதிகமில்லை. ஆனால் கயிறு அறுந்து போயிற்று. கார்லோ கோல்டோனி பதினெட்டாம் நூற்றாண்டில் வசனத்தை முழுவதும் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். முகமூடிகளையும் மெல்ல மெல்லக் கழற்றினார். 1797-ல் வெனிஸ் குடியரசே நெப்போலியனுக்கு முன் விழுந்தது. பிறகு இந்த ஹாஸ்யம் சித்திரங்களிலும் பொம்மலாட்டத்திலும் ஒதுங்கிக்கொண்டது என்றே சொல்லலாம். நூற்றைம்பது வருஷம் கழித்து அதைக் கற்பிக்க முன்வந்தவர்களுக்கு, தங்களுக்குக் கற்பிக்க ஆளில்லை.

1948-ல் ஜாக் லெகோக் என்ற பிரெஞ்சுக்காரர் பாடுவா சர்வகலாசாலை நாடகக் குழுவில் வந்து சேர்ந்தார். இவர் ஆதியில் தேகப் பயிற்சி உபாத்தியாயர். அந்த ஊரில் அமலேதோ ஸார்ட்டோரி என்ற சிற்பி இருந்தார். காகிதக் கூழில் செய்த முகமூடி வேர்வையில் ஊறிக் கன்னத்தை அறுத்தது. ஆகையால் பழைய தோல் வேலையை ஸார்ட்டோரி ஆராய்ந்து கண்டுபிடித்தார். முகத்தை முதலில் மரத்தில் செதுக்க வேண்டும். ஈரத் தோலை அதன்மேல் இழுத்து ஆணியடித்து, ஒவ்வொரு சுருக்கமும் பதியும்படி சிறு சுத்தியால் தட்டித் தட்டி உலர்த்த வேண்டும். அப்படிச் செய்த தோல் நடிகனுடைய வேர்வையைக் குடித்து அவன் முகத்தோடு பொருந்திப் போகிறது.

1956-ல் லெகோக் பாரிஸில் தம் பள்ளியைத் தொடங்கினார். அங்கே முதலில் கையில் கொடுப்பது ஆர்லெக்கினோவின் முகமூடி அல்ல. சிரிப்பும் அழுகையும் இல்லாத ஒரு நடுநிலை முகமூடி. வாயையும் சேர்த்து மூடிவிடும். அதை அணிந்துகொண்டு, முதன் முதலாக உலகத்தைப் பார்ப்பவனைப் போலத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க வேண்டும். முகம் இருந்தவரையில் ஒளிந்திருந்த கூனும், தொங்கிய தோளும், காரணமின்றி ஆடும் கையும் அப்போதுதான் வெளிப்படும். முகத்தை மறைத்ததும் மனிதனை முழுவதும் பார்க்க முடிகிறது! ஹாஸ்ய முகமூடிகளின் முறை அதற்குப் பிறகுதான்.

அவற்றுக்கும் சில நியமங்கள் உண்டு. மேடையில் முகமூடியைக் கையால் தொடலாகாது. தொட்டால் அது வெறும் தோலாகி விடும். ஆர்லெக்கினோவின் கண் துவாரங்கள் மிகச் சிறியவை. கண்ணை உருட்டிப் பயனில்லை; தலையையே திருப்ப வேண்டும். மூக்கால் பார்க்க வேண்டும் என்று சொன்னாலும் தவறில்லை.

இவ்வளவும் கற்ற பிறகும் ஒரு வியாதி வருகிறது. மாணாக்கன் பல வர்ண ஒட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு, குட்டிக்கரணம் போட்டு, கீச்சுக் குரலில் கத்தி, "இதுவே ஆர்லெக்கினோ" என்று நிற்கிறான். லெகோக்குக்கு இந்தப் பாவனை அலுத்துப் போய், இந்தப் பாடத்தின் பெயரையே 'மானிட ஹாஸ்யம்' என்று மாற்றிவிட்டார். குதிப்பதற்கு முன் எதற்காகக் குதிக்கிறோம் என்று தெரிய வேண்டும். பசியோ, காசோ, காதலோ, உயிர்ப் பயமோ உந்த வேண்டும் என்பது அவர் போதனை. நாமும் அவர் பக்கந்தான்.

சான்று வேண்டுமானால் மிலான் நகரத்துக்குப் போகலாம். யுத்த காலத்தில் பாசிஸ்டுப் படையினர் கைதிகளைச் சித்திரவதை செய்த ஒரு கட்டடத்தில், 1947 மே மாதம் பிக்கோலோ நாடக சாலை திறக்கப்பட்டது. அதே வருஷம் ஜூலையில் ஜார்ஜியோ ஸ்ட்ரேலர், 'இரண்டு எஜமானர்களின் வேலைக்காரன்' என்ற கோல்டோனி நாடகத்தை அங்கே அரங்கேற்றினார். அதில் ஒரு கட்டம்: உறை பிரிந்த கடிதத்தை ஒட்டுவதற்காக வேலைக்காரன் ரொட்டித் துண்டை மென்று பசையாக்கப் பார்க்கிறான். காலையிலிருந்து சாப்பிடாதவன், ரொட்டி தானாகவே தொண்டைக்குள் போய்விடுகிறது. மறுபடியும் ஒரு துண்டு, அதுவும் போய்விடுகிறது. அந்த வருஷத்து மிலான் வாசிகளுக்கு ரொட்டித் துண்டின் மதிப்பை யாரும் வியாக்கியானம் செய்ய வேண்டியிருந்திராது.

வேலைக்காரனாக நடித்தவர் மார்ச்செல்லோ மொரெத்தி. அவருக்கு முகமூடி பிடிக்கவில்லை. எந்த நடிகனுக்குத்தான் தன் முகத்தைத் தானம் செய்ய மனம் வரும்? ஆரம்பத்தில் முகத்தில் கறுப்பு மை தீட்டிக்கொண்டே நடித்தார். ஸார்ட்டோரியின் தோல் முகமூடிக்கு அவர் இணங்கியது பின்னால்தான். இணங்கிய பிறகு உலகமெல்லாம் சுற்றி ஆடினார். 1961-ல் மொரெத்தி காலமானார். அதற்குள் பெருச்சியோ ஸொலேரி என்ற இளைஞர் அவருக்குப் பதிலாள் ஆகியிருந்தார். அறுந்த கயிற்றில் ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. ஸொலேரி 2018 வரையில் அந்த வேஷத்தைத் தரித்தார். மிலானில் நாடக மாணாக்கர்களுக்குப் போதித்தும் வந்தார். பிற்கால நாட்களில் நாடகம் முடிந்து வணக்கம் சொல்ல வரும்போது அவர் முகமூடியைக் கழற்றுவார். அதுவரையில் துள்ளிக் கொண்டிருந்த பசித்த பையனுடைய இடத்தில், எண்பது வயது கடந்த கிழவர் ஒருவர் வேர்வை வழிய நின்றுகொண்டிருப்பார்.