வயலோர உயிர்கள்: இலையில் நுரை, ஓடையில் தலைப்பிரட்டை

கேள்வி: நடுவட்டத்தில் ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். தோட்டத்தின் கீழே ஓடும் சிற்றோடையில் ஒரு குழி உண்டு. மருந்தடிக்கவும் மாட்டுக்கும் அதில்தான் தண்ணீர் எடுக்கிறோம். மழை தொடங்கியபின் குழிக்கு மேலே சாய்ந்திருக்கும் செடியின் இலையில் கோழிமுட்டை அளவுக்கு வெள்ளை நுரை தொங்கியது. இப்போது குழியில் தலைப்பிரட்டைகள் தெரிகின்றன. "அது விஷ நுரை, பிளீச்சிங் பவுடர் போடு" என்கிறார்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள். போடலாமா? இவை எந்தத் தவளையின் குஞ்சுகள்?

பதில்: பவுடரைக் கையில் எடுக்காதீர்கள். நீங்கள் பார்த்தது விஷ நுரை அல்ல, மரத்தவளையின் கூடு. பெண் தவளை ஒரு நீர்மத்தைச் சுரக்கும். அதைப் பின்னங்கால்களால் தயிர் கடைவதுபோல் அடித்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடும். வெளிப்புறம் காய்ந்து ஏடுபோல் ஆகும், உள்ளே ஈரம் நிற்கும். சில நாளில் குஞ்சு பொரிந்து, நுரை இளகி, தலைப்பிரட்டைகள் நேரே கீழேயுள்ள தண்ணீரில் விழும். அதனால்தான் நீருக்கு மேலே சாய்ந்த இலையாகப் பார்த்துக் கூடு வைக்கிறது. இளந்தண்டில் சிறிய எச்சில் துளிபோல் ஒட்டியிருக்கும் நுரை வேறு. அதை விலக்கினால் உள்ளே சாறு உறிஞ்சும் பூச்சி இருக்கும்.

இனி அடையாளம். தலைப்பிரட்டையைப் பார்க்கும் முன் முட்டை எங்கே இருந்தது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

1. தண்ணீருக்குள் கறுப்பு மணி கோத்த மாதிரி நீளமான வழவழப்புச் சரம் கிடந்தால் அது தேரை. அதன் குஞ்சுகள் சிறியவை, கன்னங்கரேலென்று கூட்டமாகத் திரியும்.

2. உடல் கண்ணாடிபோல் தெளிந்து, நடுத்தண்ணீரில் அசையாமல் நின்றால் அது குறுவாய்த் தவளை இனம். இவற்றின் வாயில் சுரண்டும் பல்வரிசை கிடையாது.

3. நீருக்கு மேலே நுரைக்கூடு, அதற்கு நேர்கீழே தலைப்பிரட்டை என்றால் மரத்தவளை.

எந்த மரத்தவளை என்பதற்கு உங்கள் ஊரின் உயரமே துப்பு. நடுவட்டம் 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. அதே சாலையில் இறங்கினால் கூடலூர் சுமார் 3,500 அடிதான். கூடலூர்ப் பக்கம் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் பழுப்பு மரத்தவளையும், விரலிடைச் சவ்வை விரித்து மரம்விட்டு மரம் சறுக்கும் மலபார் பறக்கும் தவளையும் நுரைக்கூடு கட்டும். நடுவட்டத்தின் உயரத்தில், சோலையோர ஓடையில், முதலில் நினைக்க வேண்டியது காட்டிக்ஸாலஸ் வேரியாபிலிஸ். 1853-இல் ஜெர்டான் என்ற மருத்துவர் இதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். வேரியாபிலிஸ் என்றால் மாறுபடுவது என்று பொருள். பச்சை, பழுப்பு, புள்ளி என்று ஆளுக்கு ஒரு நிறம். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. ஓடையோரம் நுரைக்கூடு வைக்கும், குஞ்சுகள் ஓட்டம் தணிந்த குழிகளில் வளரும். உங்கள் குழி அப்படிப்பட்ட ஒன்று.

"ராத்திரி புதரில் டிக் டிக் என்று கத்துகிறதே, அதன் குஞ்சா?" என்று கேட்கத் தோன்றும். இல்லை. அவை கட்டைவிரல் அளவுப் புதர்த்தவளைகள். அவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது. ஈரச் சருகிலோ இலையிலோ இட்ட முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். இந்தக் கூட்டத்துக்கு 2010-இல் 'ராவோர்கெஸ்டஸ்' என்று பெயர் வைத்தார்கள். தென்னிந்தியத் தவளைகளை ஆராய்ந்த சி. ஆர். நாராயண ராவின் நினைவாக வந்த பெயர் அது. ஆக, உங்கள் ஊரில் அதிகம் கேட்கும் தவளைக்கும் குழியில் நீந்தும் குஞ்சுக்கும் தொடர்பில்லை.

உறுதி செய்ய விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். சோப்பு, மருந்து படாத கையை ஓடை நீரிலேயே நனையுங்கள். வெள்ளைக் கிண்ணத்தில் அதே நீருடன் ஒரு குஞ்சை மொண்டு, மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் போனில் படம் எடுங்கள். கண் தலையின் மேலே இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா, மூக்கு நுனியில் பொட்டு உண்டா என்று பாருங்கள். தென்கிழக்கு ஆசியாவின் மரத்தவளை ஒன்றின் குஞ்சை மூக்கு நுனி வெள்ளைப் பொட்டை வைத்தே சொல்லிவிடுவார்கள். இனத்தை முடிவாகச் சொல்ல, வாயின் பல்வரிசைகளை லென்ஸில் எண்ண வேண்டும். ஒரே குஞ்சு வளர வளர உருவம் மாறும். 1960-இல் காஸ்னர் என்பவர் இந்த வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்தார். அதனால் வாரம் ஒரு படம் எடுப்பது நல்லது. முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால், கடைசியில் வால் சுருங்கும். அப்போது விரல் நுனியில் வட்டத் திண்டு தெரியும். சில ஓடைத் தவளைகளுக்கும் அந்தத் திண்டு உண்டு என்பதால், நுரைக்கூட்டையும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். பார்த்து முடித்ததும் எடுத்த குழியிலேயே விடுங்கள். வேறு தண்ணீருக்கு மாற்றினால் தவளைகளுக்கு வரும் பூஞ்சை நோயும் கூடப் போகலாம்.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியப் பகுதிக்கு வருவோம். தலைப்பிரட்டை தண்ணீரைக் கெடுப்பதில்லை, கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்கிறது. கெடுதல் நம் பக்கமிருந்துதான் போகிறது. மழைக்காலத்தில் தேயிலைக்குக் கொப்புள நோய் வரும், நாம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு அடிப்போம். மரத்தவளை கூடு வைப்பதும் அதே மழையில்தான். செவுளால் மூச்சுவிடும் குஞ்சுக்குத் தாமிரம் நஞ்சு. சில களைக்கொல்லிகளில் இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் பொருளும் அதைக் கொல்லும். பிளீச்சிங் பவுடரின் குளோரினும் அப்படியே.

ஆகவே தெளிப்பானை நேரடியாகக் குழியில் முக்காதீர்கள். சுத்தமான வாளியில் நீர் மொண்டு, ஓடையைவிட்டுத் தள்ளி வந்து மருந்து கலக்குங்கள். தெளிப்பான் கழுவிய தண்ணீரைத் தோட்டத்துக்குள்ளேயே ஊற்றுங்கள். ஓடையை ஒட்டிய சில வரிசைச் செடிகளுக்கு மருந்து அடிக்காமல் விடுங்கள். மழை வரும்போல் இருந்தால் அன்றைக்குத் தெளிப்பை நிறுத்துங்கள். குழிக்கு மேல் சாய்ந்த செடியை வெட்ட வேண்டாம், அடுத்த மழைக்கு அதில் மறுபடி கூடு வரலாம்.

குஞ்சு உயிரோடு இருப்பதை வைத்துத் தண்ணீர் சுத்தம் என்று நினைத்து அப்படியே குடிக்கவும் வேண்டாம், காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். ஆனால் ஒருநாள் காலையில் அத்தனையும் செத்து மிதந்தால், மேலே யாரோ எதையோ கழுவிவிட்டிருக்கலாம். காரணம் தெரியும்வரை அந்தத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டாதீர்கள். கீழே உள்ள வீடுகளுக்கும் ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள்.